பெர்னில் நண்பன் வீடு, எதிரே ஆல்ப்ஸ்: சுவிஸ் விடுமுறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதல் முறை சுவிட்சர்லாந்து போயிருந்தபோது, மூன்றாம் நாள் காலை, பெர்னிலிருந்து காண்டர்ஷ்டெக் என்ற மலையூருக்குப் போகும் ரயிலில் என் நண்பன் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். வெளியே தூன் ஏரி. எழுப்பிக் காட்டலாம் என்று திரும்பியவன் அவன் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவனுக்கு முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. என்னை மலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதற்காக இரண்டு பகல் டியூட்டியை இன்னொருவருக்குக் கொடுத்து, இரவு டியூட்டியை வாங்கிக்கொண்டு, விடிய ஏழு மணிக்கு வேலை முடித்து நேரே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறான். இது எனக்குச் சாயங்காலம்தான் தெரியும், அதுவும் அவன் மனைவி சொல்லி.

1980களின் கடைசியில் அவன் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருச்சியில் தங்கியிருந்தது. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். பிறகு அவர்கள் சுவிஸ் போய்விட்டார்கள். 1983க்குப் பிறகு அப்படி அகதிகளாகப் போய் வேரூன்றியவர்கள் ஏராளம். இன்று சுவிஸில் ஏறக்குறைய 50,000 தமிழர்கள் இருக்கிறார்கள். ஆகவே அங்கே ஒரு நண்பர், ஒரு சித்தப்பா மகன், ஒரு பழைய பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அவர்களைப் பார்க்கவும் வேண்டும், ஊரும் சுற்ற வேண்டும், மலையில் நடக்கவும் வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான்கு பயணங்களில் கற்றது இது.

நாம் வழக்கமாகத் திட்டம் போடும் வரிசை இது: முதலில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல், பிறகு அதற்கேற்ற நாட்கள், கடைசியில் 'நண்பர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்'. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடச் சொல்கிறேன். முதலில் நண்பரின் லீவு, அடுத்து வானிலை, இடங்கள் அதற்கும் பிறகு.

படி 1: டிக்கெட்டுக்கு முன் டியூட்டி லிஸ்ட்

விமான டிக்கெட் போடுவதற்கு முன் நண்பரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "உனக்கு எப்போது லீவு, எந்த நாள் வேலை?" 'எப்போது வரட்டும்?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நம் ஆட்களிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "நீ எப்ப வந்தாலும் சரி மச்சான்." அது அன்பு. அதை வைத்துக்கொண்டு திட்டம் போட முடியாது.

மருத்துவமனை, முதியோர் இல்லம், ஹோட்டல் சமையலறை என்று ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு டியூட்டி லிஸ்ட் சில வாரங்களுக்கு முன்புதான் கையில் வரும். ஆனால் வருடாந்திர விடுமுறையை வருடத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஜூலையில் போவதென்றால் ஜனவரியிலேயே பேசிவிடுங்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் பள்ளி விடுமுறையையும் கேளுங்கள். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

லிஸ்ட் வந்த பிறகு ஒரு தாளில் நாட்களை எழுதி மூன்றாகப் பிரியுங்கள். நண்பருக்கு லீவுள்ள நாட்கள் அவர்களோடு. அவர் வேலைக்குப் போகும் நாட்கள் நீங்கள் தனியாக. இரண்டுக்கும் சேராமல் சில நாட்களை வெறுமனே விட்டுவையுங்கள். மலைக்கு அவை தேவைப்படும். நான் இப்போதெல்லாம் 12 நாள் போனால் நான்கு நாளை இப்படி விட்டுவிடுகிறேன்.

படி 2: விசாவும் அழைப்புக் கடிதமும்

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு முன் கைரேகை கொடுக்க நேரம் கிடைப்பது கடினம் என்பதால் மூன்று மாதம் முன்பே போய்விடுவது நல்லது.

நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவரிடமிருந்து அழைப்புக் கடிதம் வேண்டும். நீங்கள் யார், அவருக்கு என்ன உறவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த முகவரியில் தங்குவீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். கூடவே அவருடைய பாஸ்போர்ட் அல்லது வதிவிட அனுமதி அட்டையின் நகல்.

இதில் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். உங்கள் வங்கிக் கணக்கும் வருமானமும் போதாது என்று தூதரகம் நினைத்தால், நண்பரிடம் பொறுப்புறுதிப் பத்திரம் கேட்கும். தனிநபருக்கு அதன் வரம்பு 30,000 ஃபிராங்க். உங்களுக்கு அங்கே மருத்துவச் செலவு வந்து நீங்கள் கட்டாமல் போனால் அவர் கட்ட வேண்டும் என்று அவர் கையெழுத்துப் போடுகிறார். நம் ஆட்கள் கேட்டவுடன் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார்கள். முடிந்தவரை அந்த நிலை வராமல் உங்கள் கணக்கு விவரத்தை ஒழுங்காக வைத்து விண்ணப்பியுங்கள்.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு காட்ட வேண்டும். அத்தோடு நின்றுவிடாதீர்கள். மலிவான பாலிசிகள் பலவற்றில் மலைநடை 'சாகச விளையாட்டு' என்ற தலைப்பில் விலக்கப்பட்டிருக்கும். மலைப்பாதையில் நடந்து கால் உடைந்தால் தருவார்களா, ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பெட்டியில் எது போகலாம், எது போகக்கூடாது

நண்பர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் நமக்கு இல்லை. ஆனால் கறிவேப்பிலைக் கட்டும் மாம்பழமும் நெய்யும் எடுத்துப்போய் விமான நிலையத்தில் குப்பைத்தொட்டியில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோகக்கூடாது. நெய், பால்கோவா எல்லாம் அதில் சேர்ந்தவை. செடி, இலை, பூ, விதை, காய்கனிகளுக்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே மல்லிகைப்பூ ஆசையையும் விட்டுவிடுங்கள்.

பருப்புப் பொடி, எண்ணெயில் சுட்ட முறுக்கு, அப்பளம், பனங்கருப்பட்டி, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகங்கள். இவை போதும். பொதுவான மளிகை எல்லாம் அங்குள்ள தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கிறது. அங்கே கிடைக்காதது எது என்று வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள். என் நண்பன் மனைவி கேட்டது எவர்சில்வர் இடியாப்ப உரல்.

மலைக்கென்று எடுத்துப்போக வேண்டியவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாதது செருப்பு விஷயம். கணுக்கால் வரை பிடிக்கும், அடியில் ஆழமான பள்ளம் வெட்டிய நடைக் காலணி வேண்டும். அதை இங்கேயே வாங்கி, குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள். புதுக் காலணியோடு மலைக்குப் போனால் முதல் மணி நேரத்திலேயே குதிகால் கொப்பளிக்கும். மழைக்கோட்டு, மெல்லிய கம்பளிச் சட்டை, தொப்பி, வெயில் களிம்பு, தண்ணீர் பாட்டில். பெர்ன் சுமார் 540 மீட்டரில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரி போலக் குறையும். கீழே 25 டிகிரியில் வியர்த்துக் கிளம்பினால், 2,225 மீட்டரில் உள்ள மேன்லிஷன் மலை நிலையத்தில் இறங்கும்போது 15. காற்றடித்தால் அதைவிடக் குளிரும்.

படி 4: ரயில் அட்டை

இதில் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. தினமும் ஊர் விட்டு ஊர் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஸ்விஸ் டிராவல் பாஸ் லாபம். ரயில், பேருந்து, படகு எல்லாம் அடங்கும், 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் நுழைவு உண்டு. ஒரே வீட்டில் தங்கி, வாரத்துக்கு மூன்று நான்கு நாள் மட்டும் வெளியே போகிறவர்களுக்கு அரைக்கட்டண அட்டைதான் சரி. மலை ரயில், கேபிள் கார் பெரும்பாலானவற்றிலும் பாதிக் காசு. நண்பர் வீட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. பாஸ் வாங்கிவிட்டால் 'காசு கொடுத்தாச்சே' என்று வீட்டில் இருக்க வேண்டிய நாளிலும் வெளியே ஓடத் தோன்றும். நண்பரின் அட்டையை இரவல் வாங்காதீர்கள், அது பெயருக்கு உரியது.

6 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளை நீங்கள் கூட்டிப்போனால் இலவசக் குடும்ப அட்டை கேட்டு வாங்குங்கள்; பெற்றோருடன் அவர்களுக்குக் கட்டணமில்லை. ஹோட்டலில் தங்குபவர்களுக்குக் கொடுக்கும் விருந்தினர் அட்டையும் அதனோடு வரும் இலவச உள்ளூர்ப் பேருந்தும் நண்பர் வீட்டில் தங்கும் நமக்குக் கிடையாது. அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: எந்த நாள் மலை என்பதை வானம் சொல்லும்

ஊரிலிருந்து கிளம்பும்போதே 'செவ்வாய்க்கிழமை யுங்ஃப்ராவ் மலை' என்று எழுதி வைக்காதீர்கள். முந்தின நாள் இரவு முடிவு செய்யுங்கள். சுவிஸ் வானிலை மையத்தின் மீட்டியோசுவிஸ் ஆப்பில் அந்தந்த இடத்தின் மணிவாரி நிலவரம் வரும். காலையில் எழுந்ததும் மலை நிலையத்தின் கேமராவைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாக் கேபிள் கார் நிலையங்களுக்கும் நேரடிப் படம் உண்டு. அக்டோபரில் பெர்ன் முழுக்கப் பனிமூட்டத்தில் இருட்டிக் கிடக்கும்போது, மேலே போனால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேகம் காலுக்குக் கீழே கடல் மாதிரிப் பரந்திருக்கும். படத்தைப் பார்க்காமல் 'இன்று மூடியிருக்கிறது' என்று வீட்டில் இருந்துவிட்டால் நஷ்டம்.

ஒரு நாள் சாயங்காலம் பால்கனியில் நின்றபோது ஆல்ப்ஸ் வரிசை என்றுமில்லாத தெளிவோடு தெரிந்தது, கையை நீட்டினால் தொடலாம் போல. நாளைக்கு நல்ல நாள் என்று நான் சொன்னேன். நண்பன் மனைவி துணி மடித்துக்கொண்டே, "இல்லை அண்ணா, மலை இப்பிடிக் கிட்ட வந்தா மழை வரப்போகுதெண்டு அர்த்தம்" என்றார். மறுநாள் மத்தியானம் கொட்டித் தீர்த்தது. தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் ஃபோன் என்ற வெப்பக்காற்று வீசும்போது காற்று வறண்டு மலைகள் நெருங்கித் தெரியும். அது ஓய்ந்தால் பெரும்பாலும் மழைதான். முப்பது வருடம் அதே பால்கனியில் நின்றவர்களின் சொல்லுக்கு ஆப்பைவிட மதிப்புக் கொடுங்கள்.

மலைநடைக்குக் காலம் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. ஜூனில் 2,000 மீட்டருக்கு மேலே பல இடங்களில் பனி கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வரும், அதனால் விடியற்காலை ரயிலில் போய் இரண்டு மணிக்குள் கீழே இறங்கிவிடுவது பழக்கமாக இருக்கட்டும்.

மழை நாளும் வீண் போகாது. பெர்ன் பழைய நகரம் 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கடைகளுக்கு முன்னால் கல் வளைவுகளோடு ஓடும் நடைபாதை மொத்தம் ஆறு கிலோமீட்டர். குடையில்லாமலே ஊரைச் சுற்றலாம். க்ராம்காஸ்ஸே தெருவில் 49ஆம் எண் வீட்டின் மாடியில்தான் ஐன்ஸ்டைன் 1903 முதல் 1905 வரை குடியிருந்தார். லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் உள்ள ட்ரூம்மெல்பாக் அருவியும் மழைக்கு ஏற்றது. அது மலைக்கு உள்ளேயே விழுகிறது. யுங்ஃப்ராவ், மோன்ஷ், ஐகர் மூன்று சிகரங்களின் பனியாறும் உருகி அதன் வழியாகத்தான் இறங்குகிறது.

படி 6: மஞ்சள் பலகையை வாசிக்கப் பழகுங்கள்

65,000 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை உள்ள நாடு அது. எல்லாச் சந்திப்பிலும் மஞ்சள் பலகை நிற்கும். முழுக்க மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை, யாரும் போகலாம். அம்பு முனையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் மலைப்பாதை: செங்குத்தான இடங்கள் உண்டு, சில இடத்தில் சங்கிலி பிடிக்க வேண்டியிருக்கும், தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஆகாது. நீலப் பலகையில் வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறும் அனுபவமும் உள்ளவர்களுக்கு. அங்கிருந்து திரும்பிவிடுங்கள். பாறையிலும் மரத்திலும் இதே நிறப் பட்டையைத் தீட்டியிருப்பார்கள். வெகுநேரம் பட்டை கண்ணில் படவில்லை என்றால் பாதை தவறிவிட்டது. கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்புவதுதான் வழி. சுவிஸ்டோப்போ ஆப்பில் நாட்டின் முழு வரைபடமும் இலவசமாகக் கிடைக்கிறது. தேவையான பகுதியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் நேரம் போட்டிருக்கும். அந்த நேரம் நிற்காமல் நடக்கும் நேரம். தண்ணீர் குடிப்பது, படம் எடுப்பது, சாப்பிடுவது எதுவும் அதில் இல்லை. அதைத் தெரியாமல் நான் பட்ட பாடு இது.

காண்டர்ஷ்டெக்கிலிருந்து கேபிள் காரில் ஏறி, ஹொய்பெர்க் வழியாக ஓபர்பெர்க்லிக்குப் போய் ஓஷினன் ஏரிக்கு இறங்கும் பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை. ஏரி 1,578 மீட்டரில், ப்ளூம்லிஸ்அல்ப் பனிமலைக்கு நேர் கீழே பச்சையாகக் கிடக்கிறது. ஹொய்பெர்க் மேட்டிலிருந்து அதைப் பார்த்தால் கால் நகராது. இரண்டரை மணிக் கணக்கு என்று நம்பிக் கிளம்பினேன். மேட்டில் அரை மணி உட்கார்ந்தேன். ஓபர்பெர்க்லிக்குப் பிறகு இறக்கம். கல்லும் வேருமாக வளைந்து வளைந்து இறங்குகிறது. ஏறுவதில் பயமில்லை, இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கியது. ஒவ்வொரு கல்லிலும் காலை வைத்துப் பார்த்து, பக்கத்துப் பாறையைப் பிடித்து, பிறகு அடுத்த கால். எதிரே ஏறி வந்த பாட்டி ஒருவர் ஒதுங்கி நின்று, தன் கைக்குச்சி ஒன்றை நீட்டி, பிடித்துக்கொள் என்று சைகை காட்டினார். எனக்கு நான்கே கால் மணி ஆயிற்று. கடைசிக் கேபிள் காருக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அன்றிலிருந்து பலகை நேரத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொள்கிறேன். பிள்ளைகள் கூட வந்தால் இரண்டு மடங்கு. மேலே போய் இறங்கியதும் முதலில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்து போனில் அலாரம் வைக்கிறேன். கைக்குச்சி இரண்டு வாங்கிவிட்டேன்.

'கெஷ்பெர்ட்' என்று எழுதிய பலகையோ குறுக்கே கட்டிய நாடாவோ இருந்தால் பாதை மூடியிருக்கிறது. பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருந்தாலும் நீங்கள் போகாதீர்கள். ஓஷினன் ஏரிக்கு மேலேயே ஷ்பிட்ஸெ ஷ்டை என்ற பாறைமுகடு சில வருடங்களாக நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கீழுள்ள பாதைகள் மூடப்பட்டிருக்கின்றன. காண்டர்ஷ்டெக்குக்கு மறுபுறம், லோட்ஷன்டால் பள்ளத்தாக்கில் உள்ள ப்ளாட்டன் கிராமம் 2025 மே 28 அன்று பனியாறும் பாறையும் சரிந்து புதைந்துபோனது. முன்கூட்டியே சொல்லி ஏறக்குறைய 300 பேரையும் வெளியேற்றியிருந்ததால்தான் அவர்கள் பிழைத்தார்கள். அந்த நாட்டில் எச்சரிக்கைப் பலகை சும்மா நிற்பதில்லை.

மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே பாதை போகும். மின்கம்பி வேலியில் ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும், அதை மட்டும் பிடித்துக் கழற்றி உள்ளே போய் உடனே மாட்டிவிட வேண்டும். கன்றோடு நிற்கும் மாட்டிடம் நம்மூர் நினைப்பில் தட்டிக்கொடுக்கப் போகாதீர்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல் சுற்றி நடங்கள். எதிரே வருகிறவர்கள் பெர்ன் பக்கத்தில் "க்ரூஸ்ஸெக்" என்பார்கள். பதிலுக்கு அதையே சொல்லுங்கள், முகம் மலரும்.

படி 7: கூட வருகிறவர்களுக்கு ஏற்ற பாதை

தனியாகப் போகும் நாளும் குடும்பத்தோடு போகும் நாளும் ஒரே பாதையில் வேண்டாம். நண்பரின் அம்மா, சின்னப் பிள்ளைகள் எல்லோரும் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எப்போதும் சொல்வது மேன்லிஷனிலிருந்து க்ளைன ஷைடெக் வரை. நான்கரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, லேசான இறக்கம், ஒன்றரை மணி நேரம். ஐகரின் வடமுகம் எதிரே நிற்க, பாதையில் கைக்குழந்தை வண்டிகூட உருளும். மியூரனிலிருந்து க்ரூட்ஷ்அல்ப் வரை ரயில் பாதையை ஒட்டிய நடையும் இதே மாதிரி. நடை பழகியவர்கள் தனி நாளில் ஷீனிக ப்ளாட்டெயிலிருந்து ஃபவுல்ஹோர்ன் ஏறி, பாகல்ப் ஏரி வழியாக ஃபர்ஸ்ட்டுக்கு நடக்கலாம். ஆறு மணிக்கு மேல் ஆகும், நடுவில் இறங்க வழியில்லை, ஆகவே வானம் சுத்தமாக இருக்கும் நாளில் மட்டும்.

யுங்ஃப்ராவ்யோக் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1912இல் திறந்த ரயில், 3,454 மீட்டரில் நிலையம், கீழே அலெட்ஷ் பனியாறு. பார்க்க வேண்டியதுதான். விலை அதிகம் என்பதால் கேமராவில் மேகம் தெரிந்தால் அன்று வேண்டாம். விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே போகாதீர்கள், மூச்சு வாங்கும், தலை வலிக்கும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அங்குள்ளவர்கள் வருகிற ஒவ்வொரு விருந்தாளியோடும் அங்கே போய்ச் சலித்திருப்பார்கள். நண்பரை இழுக்காமல் நீங்கள் மட்டும் போய் வந்துவிடுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதுதான் அங்கே எல்லோருக்கும் வழக்கம். இட்லி பொடியோடு போகும். ஆனால் மலைக்கு நான் கண்டதில் சிறந்தது நண்பன் மனைவி கட்டித் தரும் ரொட்டியும் கட்டைச் சம்பலும். தேங்காயை வறுத்து இடித்த சம்பல், சொட்டாது, ஊறாது, குளிரில் இறுகாது. தண்ணீர் வாங்க வேண்டாம், ஊர்க் குழாய்களில் வருவது நல்ல தண்ணீர். 'கைன் ட்ரிங்க்வாஸர்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது.

படி 8: கிளம்பும் முன் சொல்லிவிட்டுப் போங்கள்

தனியாக நடக்கப் போகும் நாளில் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை நண்பருக்கு எழுதி அனுப்புங்கள். மேலிருந்து இறங்கியதும் ஒரு வரி. அவன் டியூட்டி நடுவே அந்த ஒரு வரிக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது எனக்குத் தெரியும்.

மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, அது ரெகா என்ற அமைப்பு, 1952 முதல் இருக்கிறது. வலே மாநிலத்தில் மட்டும் 144ஐக் கூப்பிட வேண்டும். எதுவும் நினைவில்லை என்றால் 112. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்தால் இரு கைகளையும் V போல உயர்த்தினால் உதவி வேண்டும் என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் வேண்டாம். சும்மா கையாட்டிவிடாதீர்கள். போன் இல்லாவிட்டால் விசிலோ டார்ச்சோ நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.

படி 9: வீட்டுக்குள்

அடுக்குமாடி வீடுகளில் இரவு பத்துக்குப் பிறகும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது. நாம் கத்திச் சிரித்துவிட்டு ஊருக்கு வந்துவிடுவோம், கீழ்வீட்டுக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியவர் நண்பர். துணி துவைக்கும் அறை பொதுவானது, ஒவ்வொரு வீட்டுக்கும் நாள் குறித்திருக்கும். மலையில் அழுக்கான துணியை எடுத்துக்கொண்டு நேரே மெஷினுக்குப் போகாமல் என்றைக்கு முறை என்று கேளுங்கள். குப்பைப் பைக்குத் தனியாகக் காசு, பையின் விலையிலேயே வரி அடங்கியிருக்கிறது. ஆகவே பாட்டில், காகிதம், டின் எல்லாம் பிரித்துப் போட வேண்டும். ஞாயிறன்று கடை இல்லை, பெரிய ரயில் நிலையத்தில் மட்டும் இருக்கும்.

பணம் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். நான் செய்வது இது: சேர்ந்து போகும் நாட்களின் கேபிள் கார் டிக்கெட்டை முந்தின இரவே ஆப்பில் எடுத்துவிடுவேன். சனிக்கிழமை மளிகை என் பொறுப்பு. ஒரு நாள் சமையல் முழுக்க நான். ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தவுடன் முன்னால் தட்டு வந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எந்த ஊரும் பார்க்காமல், அவர்கள் நாள் போகிறபடியே ஒரு நாள் இருந்துவிடுங்கள். நண்பன் என்னை பெர்னின் அய்ரோப்பாப்ளாட்ஸ் சதுக்கத்தில் உள்ள சமயங்களின் இல்லத்துக்குக் கூட்டிப்போனான். 2014இல் திறந்த அந்தக் கட்டடத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த மண்டபமும் ஒரே கூரையின் கீழ். அங்கேயே தமிழில் வழிபாடு நடக்கும் சிவன் கோயிலும் இருக்கிறது. வெளியே டிராம் மணி, உள்ளே தேவாரம். பூசை முடிந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினோம். திருச்சியில் அவன் அப்பா கடன் வாங்கிக் கட்டிய பள்ளிக் கட்டணம் பற்றி முதல் முறையாக அன்றுதான் சொன்னான்.

படி 10: புறப்படும் நாள்

முந்தின நாளே காலணியின் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவி உலர்த்திவிடுங்கள். படுக்கை விரிப்பைக் கழற்றி மடித்து வையுங்கள், துவைக்கும் முறை என்றைக்கு என்று தெரிந்தால் நீங்களே போட்டுவிடலாம். கைக்குச்சியைக் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியில் நுழையாது. என்னுடையது இரண்டும் அவர்கள் வீட்டுக் கெல்லரில், அதாவது நிலவறையில், சைக்கிளுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறது. ஸ்டேஷனில் ரயில் வருவதற்குள் நண்பனிடம் நான் கேட்டது அடுத்த வருட லீவை எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று. "ஜனவரி முதல் கிழமை. நீ முதல் சொல்லு, பிறகு நான் எழுதுறன்" என்றான். இல்லை, நீ முதலில் எழுது, அதைப் பார்த்து நான் டிக்கெட் போடுகிறேன் என்றேன்.